ஐரோப்பாவில் மோட்டார் சைக்கிள் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் செயின் பராமரிப்புப் பற்றிய பதிலொன்றில், ஜேர்மனியில் இருந்த காலத்தில் கோடை விடுமுறைகளை மோட்டார் சைக்கிளில் ஆல்ப்ஸ் மலைகளில் கழித்திருக்கிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். செயினைப் பற்றி வந்த கடிதங்களை விட அந்த ஒரு வரியைப் பற்றி வந்தவை பல மடங்கு. ஆகையால் பற்றரி, கார்புரேற்றர் தொடர்பான கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்து, இம்முறை ஐரோப்பியப் பயணம் பற்றியவற்றுக்கு மட்டும் பதில் தருகிறேன். கராஜில் எண்ணெய்க் கையோடு நிற்பவர்கள் பொறுத்தருள வேண்டும்.

கொக்குவிலிலிருந்து ஓர் ஆசிரியர்: எனது தமையனார் பாரிஸிலும் சித்தப்பா சுவிற்சர்லாந்திலும் இருக்கிறார்கள். வருகிற ஓகஸ்ட்டில் முப்பது நாட்கள் ஒதுக்க முடியும். பாரிஸில் மோட்டார் சைக்கிள் ஒன்றை வாடகைக்கு எடுத்து, சுவிஸ், இத்தாலி, ஒஸ்ரியா, ஜேர்மனி, டென்மார்க், சுவீடன் வழியாக நோர்வேயின் வட கோடியான நோர்ட்காப் வரை போய்த் திரும்ப எண்ணியுள்ளேன். மொத்தம் 10,000 கிலோமீற்றர் வருகிறது. யாழ்ப்பாணத்திலிருந்து மாத்தறைக்கு ஒரே நாளில் ஓடிய அனுபவம் உண்டு. இது சாத்தியமா?

முடியும். ஆனால் நான் உங்கள் தமையனாராக இருந்திருந்தால் தடுத்திருப்பேன். 10,000 கிலோமீற்றரை முப்பதால் வகுத்தால் நாளுக்கு 333 கிலோமீற்றர் என்று மனத்துக்கு இதமாகத்தான் வருகிறது. ஐந்து நாட்களுக்கு ஒருநாள் ஓய்வு என்று வைத்தால், ஓடக் கிடைப்பவை 24 நாட்கள், நாளுக்கு 417 கிலோமீற்றர். நம் நாட்டின் தலையிலிருந்து கால் வரை உள்ள நீளமே சுமார் 430 கிலோமீற்றர்தான். அவ்வளவு தூரத்தை இருபத்து நான்கு நாட்கள், பழக்கமில்லாத பக்கத்தில், பழக்கமில்லாத குளிரில், பெட்டி படுக்கையோடு ஓட வேண்டும். மாத்தறைக்கு ஓடிய அன்று இரவு நீங்கள் எப்படி உறங்கினீர்கள் என்பதையும், மறுநாள் காலை அதே ஆசனத்தில் ஏறி உட்கார மனம் இருந்ததா என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

நோர்ட்காப் வரைபடத்தில் தோன்றுவதை விட வெகு தொலைவில் இருக்கிறது. ஒஸ்லோவை அடைந்தவுடன் நோர்வே முடியப்போகிறது என்று எண்ணுபவர்கள் உண்டு. ஒஸ்லோவிலிருந்தே அங்கே போக இன்னும் சுமார் 2,000 கிலோமீற்றர் இருக்கிறது. பெரும்பாலோர் அந்த முனைக்குப் போவது நள்ளிரவுச் சூரியனைப் பார்ப்பதற்காக. அது அங்கே மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை இறுதி வரைதான் மறையாமல் நிற்கும். நீங்கள் ஓகஸ்ட்டில் போகிறீர்கள். கடலுக்கு அடியில் 212 மீற்றர் ஆழம் வரை இறங்கி ஏறும், கிட்டத்தட்ட 7 கிலோமீற்றர் நீளமான ஈரச் சுரங்கத்தைக் கடந்து முனைக்குப் போய், சூரியன் மறைந்த பாறையைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

எனது ஆலோசனை, வடக்கை விட்டுவிட்டு ஆல்ப்ஸை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே. ஓகஸ்ட் அதற்கு ஏற்ற மாதம். உயரமான கணவாய்கள் பெரும்பாலும் ஜூன் அளவில் திறந்து ஒக்ரோபர் அளவில் பனியால் மூடப்படும். ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள தொனோனிலிருந்து மத்தியதரைக் கடலோரத்து மொந்தோன் வரை பிரெஞ்சு ஆல்ப்ஸின் முதுகிலேயே ஓடும் பாதை ஒன்று உண்டு. சுமார் 700 கிலோமீற்றர். நெடுஞ்சாலையில் ஒரு நாளில் முடிக்கக்கூடிய அத்தூரத்துக்கு அங்கே ஐந்து நாட்கள் வைத்தாலும் வீணாகாது. மலையில் மணிக்குச் சராசரி 40, 50 கிலோமீற்றருக்கு மேல் கணக்கிடுவது தவறு; 250 கிலோமீற்றர் என்பது அங்கே முழு நாள் வேலை.

இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாயின் உயரம் 2,757 மீற்றர். நமது பிதுருதலாகலை மலையுச்சியை விட இருநூறு மீற்றருக்கு மேல் உயரத்தில் தார் வீதி ஓடுகிறது. வடகிழக்குப் பக்கமாக ஏறினால் இலக்கமிட்ட 48 கொண்டை ஊசி வளைவுகள். மகியங்கனைப் பக்கத்துப் பதினெட்டு வளைவில் ஓடியவர்கள் அதை இரண்டரைத் தடவை அடுக்கிப் பார்த்துக்கொள்ளலாம். பெயர் பெற்ற வீதி என்பதால் ஓகஸ்ட் ஞாயிற்றுக்கிழமையில் அங்கே கார்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் நடுவில் திருவிழாக் கூட்டத்தில் தேர் நகர்வது போல நகர வேண்டியிருக்கும். கிழமை நாளில் காலை ஏழு மணிக்கு ஏறுங்கள்.

என்னைக் கேட்டால், சித்தப்பா வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதையே முதலில் சொல்வேன். மத்திய சுவிஸில் சுஸ்தென், கிரிம்செல், ஃபுர்க்கா என்ற மூன்று கணவாய்களையும் ஒரு வட்டமாகச் சுற்றி வரலாம். மொத்தம் 120 கிலோமீற்றர் அளவில் வரும். யாழ்ப்பாணத்திலிருந்து கிளிநொச்சி போய்த் திரும்பும் தூரத்தை ஒட்டியது. அதற்குள் மூன்று முறை 2,100 மீற்றருக்கு மேல் ஏறி இறங்குகிறீர்கள். நான் முதல் முறை ஃபுர்க்கா ஏறியபோது, அடிவாரத்தில் நல்ல வெயில் என்று தடித்த கையுறைகளைப் பெட்டியின் அடியில் வைத்துவிட்டேன். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஆறு பாகை அளவில் குளிர் கூடும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஓடும் காற்று அதை இரட்டிப்பாக்கும் என்பதைக் கைதான் சொல்லித் தந்தது. உச்சியை அணுகும்போது முகில் இறங்கி, முன்னால் போன வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. ஓரமாக நிறுத்தி நியூட்ரலுக்குப் போட்ட பின்னரும் இடது கையின் நான்கு விரல்களும் கிளச் லீவரைச் சுற்றி வளைந்தபடியே நின்றன. வலது கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி எடுத்து, எஞ்சின் பக்கத்தில் நீட்டிப் பத்து நிமிடங்கள் குந்தியிருந்தேன். அப்போது முகில் விலகி ரோன் பனியாறு தெரிந்தது. உருகுவதைத் தாமதப்படுத்துவதற்காகக் கோடையில் அதன் ஓரத்தை வெள்ளைத் துணிகளால் போர்த்தி வைப்பார்கள். நெல் காயவிட்டுப் படங்கால் மூடியிருக்கிறார்கள் என்றுதான் ஒரு கணம் எனக்குத் தோன்றியது.

அந்த வீதிகளில் மஞ்சள் நிறத் தபால் பேருந்துகள் ஓடும். வளைவுக்கு முன்னால் மூன்று சுரத்தில் ஹோர்ன் அடிப்பார்கள். அந்த ஒலி கேட்டால், பேருந்து கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஓரமாக ஒதுங்கி நில்லுங்கள். வளைவு முழுவதும் அதற்கே வேண்டும், மலைத் தபால் வீதிகளில் அதன் சாரதி கை காட்டியபடி நடப்பது சட்டமும்கூட.

சாவகச்சேரி வாசகர்: இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரத்தோடு அங்கே ஓட்டலாமா? வீசா விடயத்தில் கவனிக்க வேண்டியவை எவை? மச்சானுடைய வண்டியை வாங்கி ஓட்டினால் காப்புறுதி செல்லுமா?

முதலில் உங்கள் அனுமதிப்பத்திரத்தின் வகுப்பைப் பாருங்கள். நம் நாட்டில் ஏ1 வகுப்பு 100 சிசி வரைக்கும்தான்; அதற்கு மேல் ஓட்ட ஏ வகுப்பு வேண்டும். அது இருந்தால், கொழும்பிலுள்ள ஒட்டோமொபைல் சங்கத்தில் சர்வதேசச் சாரதி அனுமதிப்பத்திரம் பெறலாம். 1949ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கப்படும் அப்புத்தகம் ஓராண்டுக்குச் செல்லும். ஆனால் அது உங்கள் அசல் பத்திரத்தின் மொழிபெயர்ப்புப் போன்றது. அசலை வீட்டில் வைத்துவிட்டு அதை மட்டும் கொண்டுபோனால் பயனில்லை. வாடகை நிறுவனங்கள் சட்டம் கேட்பதை விடக் கூடுதலாகக் கேட்பது வழக்கம். வயது 21 அல்லது 25, பத்திரம் எடுத்து இத்தனை ஆண்டுகள் என்றெல்லாம் நிபந்தனை வைப்பார்கள். விமானச் சீட்டு வாங்குமுன் எழுத்தில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஷெங்கன் வீசா இப்போது 29 நாடுகளுக்குச் செல்லும். எந்த 180 நாட்களை எடுத்தாலும் அதற்குள் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. அதிக நாட்கள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். எல்லாம் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டிடம். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்னரே விண்ணப்பிக்கலாம், பதினைந்து நாட்களுக்குள் வந்துவிட்டால் காலங்கடந்துவிட்டது. ஆகக் குறைந்தது 30,000 யூரோ பெறுமதியான மருத்துவக் காப்புறுதி கட்டாயம். மோட்டார் சைக்கிள் ஓட்டும்போது ஏற்படும் காயம் அதில் அடங்குமா என்று சிறிய எழுத்துகளையும் வாசியுங்கள். பல காப்புறுதிகளில் அது விலக்கப்பட்டிருக்கும், அல்லது குறிப்பிட்ட சிசி வரை மட்டும் என்றிருக்கும். பிரித்தானியாவும் அயர்லாந்தும் இந்த வீசாவுக்குள் வராதவை. பால்கன் பக்கம் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். ஒருமுறை மட்டும் நுழையும் வீசாவோடு செர்பியாவுக்குள் போய்விட்டால், மறுபடி ஹங்கேரிக்குள் வர முடியாது.

மச்சானின் வண்டிக்கு, பதிவுப் பத்திரத்தின் அசல், அவர் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதம், உங்கள் பெயரையும் ஏற்றுக்கொள்ளும் காப்புறுதி மூன்றும் வேண்டும். அங்கே பல காப்புறுதிகள் குறிப்பிட்ட சாரதிகளுக்கும் வயதுக்கும் மட்டுப்பட்டவை. "எங்கட ஆள்தானே ஓட்டுறார்" என்பது விபத்துக்குப் பிறகு செல்லுபடியாகாது. சுவிஸ் இலக்கத்தகடு உள்ள வண்டியை ஜேர்மனியில் வசிக்கும் மருமகன் வாங்கி ஜேர்மனிக்குள் ஓட்டினால் சுங்கப் பிரச்சினையும் வரும். சுவிஸ் ஐரோப்பிய ஒன்றியத்தின் சுங்க எல்லைக்கு வெளியே உள்ள நாடு என்பதை நம்மவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

பருத்தித்துறை இளைஞர்: எனது 150 சிசி வண்டியையே கொண்டுபோய் ஓட்ட ஆசை. தரைவழியாகப் போகலாமா?

தம்பி, ஆசை நல்லது, கணக்குத்தான் ஒத்துவராது. இந்தியா, பாகிஸ்தான், ஈரான் ஆகிய நாடுகளுக்குள் வண்டியைக் கொண்டுபோக, அங்கே விற்றுவிடாமல் திருப்பிக் கொண்டுவருவேன் என்பதற்கான பிணைப் பத்திரம் தேவை. அதற்குக் கட்ட வேண்டிய பிணைத்தொகை சில வேளைகளில் வண்டியின் விலையையும் தாண்டும். எல்லைகள் திறந்திருக்குமா என்பது அந்தந்த ஆண்டின் அரசியலைப் பொறுத்தது. கப்பலில் அனுப்பினாலும், போக வர ஆகும் செலவில் அங்கே பழைய வண்டி ஒன்றை வாங்கிவிடலாம்.

உரும்பிராய் வாசகி: திருமணமாகி ஜேர்மனிக்குப் போகிறேன். கணவரிடம் பெரிய மோட்டார் சைக்கிள் உள்ளது. கோடையில் பெல்ஜியம், பிரான்ஸ் வழியாகச் சுற்றுவோம் என்கிறார். பின்னால் இருந்து போக நான் என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?

இந்தக் கேள்வியை ஆண்கள் எவரும் தம் மனைவியர் சார்பில் கேட்கவில்லை என்பதைக் குறித்துக்கொண்டேன். பின்னிருக்கையில் இருப்பவருக்கு ஓட்டுபவரை விடக் குளிரும் களைப்பும் கூட. ஓட்டுபவருக்கு அடுத்த வளைவு முன்கூட்டியே தெரிகிறது, பிடிக்கக் கைப்பிடி இருக்கிறது. பின்னால் இருப்பவருக்கு இரண்டும் இல்லை.

பெல்ஜியத்தில் கையுறை, நீண்ட கை மேலாடை, முழுநீளக் காற்சட்டை, கணுக்காலை மூடும் சப்பாத்து ஆகியவை ஓட்டுபவருக்கும் பின்னால் இருப்பவருக்கும் 2011 முதல் சட்டப்படி கட்டாயம். பிரான்சில் தரச் சான்று பெற்ற கையுறை 2016 நவம்பரிலிருந்து இருவருக்கும் கட்டாயம். சட்டத்தை விட்டாலும், கணவரின் பழைய மேலாடையைப் போட்டுக்கொண்டு போக இணங்காதீர்கள். அளவு பெரிதானால், விழும்போது முழங்கைக் காப்பு முழங்கையில் இராமல் சுழன்று வேறெங்கோ போய்விடும். உள்ளே பருத்தி ஆடை வேண்டாம். வியர்வையை உறிஞ்சி வைத்திருந்து, மலையேறும்போது ஈரத் துணியைப் போல உடம்பில் ஒட்டிக் குளிரவைக்கும். மெல்லிய கம்பளி நல்லது. சால்வை, துப்பட்டா, தொங்கும் நாடா எதுவும் கூடாது. செயினும் சில்லும் அவற்றைத் தேடி இழுத்துக்கொள்ளும்.

வளைவில் வண்டி சரியும்போது பயத்தில் எதிர்ப்பக்கம் நிமிராதீர்கள். வளைவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்துத் தோளுக்கு மேலால் பாருங்கள். உடம்பு தானாகச் சரியும். ஏறும்போதும் இறங்கும்போதும் முதலில் சொல்லிவிட்டு அசையுங்கள். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை நிறுத்த வேண்டும் என்பதை முதல் நாள் புறப்படும் முன்னரே பேசி முடித்துவிடுங்கள். முதுகைத் தட்டினால் நிறுத்துவது என்ற உடன்பாடு, விலையுயர்ந்த பேச்சுக் கருவியை விட நம்பகமானது.

சுன்னாகத்திலிருந்து பெயர் குறிப்பிடாத வாசகர்: சத்தமான சைலன்சர் பூட்டிய வண்டிகளை அங்கே பொலிஸார் பிடிப்பார்களா?

பிடிப்பார்கள். ஒஸ்ரியாவின் திரோல் மாநிலத்தில் சில மலைவீதிகளில், நின்ற நிலையில் 95 டெசிபலுக்கு மேல் சத்தம் பதிவான மோட்டார் சைக்கிள்களுக்குக் கோடையில் நுழைவே இல்லை. இத்தடை 2020 முதல் உள்ளது. நம் ஊரிலும் யாராவது இதை வாசித்தால் சந்தோஷம்.

மானிப்பாய் வாசகர்: 5,000 கிலோமீற்றர் பயணத்துக்கு எவ்வளவு செலவாகும்?

வாடகைதான் பெரிய தொகை. நடுத்தர வண்டிக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 யூரோவை ஒட்டி வரும். நாட்கள் கூடினால் குறையும். பெற்றோலைக் கணக்கிடுவது எளிது. 100 கிலோமீற்றருக்கு 5 லீற்றர் என்று வைத்தால் 250 லீற்றர். விலை நாட்டுக்கு நாடு மாறினாலும் மொத்தம் 400க்கும் 500 யூரோவுக்கும் இடையில் அடங்கிவிடும். நெடுஞ்சாலைக்குள் இருக்கும் நிலையங்களில் அடிக்காமல், வெளியே இறங்கி ஊருக்குள் அடியுங்கள். ஸ்டெல்வியோ பக்கம் போனால், அருகிலுள்ள லிவிஞோ என்ற இத்தாலிய ஊர் வரிவிலக்குப் பெற்றது. அங்கே தாங்கியை நிரப்ப மலை தாண்டி வருபவர்கள் உண்டு.

சுவிஸ் நெடுஞ்சாலைக்கான ஆண்டு வில்லை (கட்டணம் கட்டியதற்கான ஒட்டி) 40 பிராங். காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் ஒரே விலை, ஒரு நாள் ஓடினாலும் அதே விலை. ஒஸ்ரியாவில் பத்து நாள் வில்லை கிடைக்கும். ஜேர்மனியில் கட்டணம் இல்லை, செக் நாட்டில் மோட்டார் சைக்கிளுக்கு விலக்கு. பிரான்சிலும் இத்தாலியிலும் வாயிலில் சீட்டு எடுத்து வெளியேறும் இடத்தில் கட்ட வேண்டும். அந்தச் சீட்டைப் பற்களில் கடித்தபடி முதலாம் கியரைப் போட்டு, தலைக்கவசக் கண்ணாடியை மூடும்போது காற்றில் பறக்கவிட்டவர்கள் பலர், நானும் ஒருவன். சீட்டு இல்லையென்றால் ஆகக் கூடிய தூரத்துக்குரிய பணத்தைக் கட்ட வேண்டியிருக்கும். மேலாடையின் இடக்கைப் பையை அதற்கென்றே ஒதுக்குங்கள்.

தங்குவதற்கு, நோர்வேயிலும் சுவீடனிலும் வீடுகளிலிருந்து விலகித் திறந்த வெளியில் கூடாரம் அடிக்கும் உரிமை உண்டு. நோர்வேயில் குடியிருப்பிலிருந்து 150 மீற்றராவது தள்ளியிருக்க வேண்டும். ஜேர்மனி, இத்தாலி போன்றவற்றில் அப்படி அடித்தால் தண்டம். உறவினர் வீடுகள் இலவசம்தான். ஆனால் ஓர் இரவு தங்கப் போன வீட்டில் மதியச் சாப்பாடு, பக்கத்து நகரத்து மாமி வீடு, பிள்ளையின் பிறந்தநாள் என்று மூன்று நாட்கள் போய்விடும். உறவினர் வீடுகளைப் பயணத்தின் முடிவில் வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. ஒருமுறை நண்பர் ஒருவருக்காக வண்டி எடுத்தபோது, திருப்பிக் கொடுக்கையில் பெட்டியின் அடியில் இருந்த பழைய கீறலுக்கு எங்கள் பிணைத்தொகையில் ஒரு பகுதியைக் கழித்துவிட்டார்கள். எடுக்கும்போது மழை என்று நாங்கள் குனிந்து பார்க்கவில்லை. அன்றிலிருந்து, வண்டியை எடுக்கும் இடத்திலேயே கண்ணாடி, லீவர் நுனி, பெட்டியின் அடி, சில்லின் விளிம்பு என்று ஒவ்வொன்றையும் தொலைபேசியில் படம் எடுத்த பிறகே கையொப்பமிடுவேன்.

வல்வெட்டித்துறை வாசகர்: வழியில் பழுது வந்தால் என்ன செய்வது?

பின் ரயரை முதலில் பாருங்கள். நீண்ட பயண ரயர் ஏறத்தாழ 8,000 முதல் 10,000 கிலோமீற்றர் வரை உழைக்கும். பாதி தேய்ந்த ரயரோடு புறப்பட்டால் ஏதோவொரு மலைக்கிராமத்தில் ஞாயிற்றுக்கிழமை, கடைகள் எல்லாம் பூட்டியிருக்கும்போது முடியும். சுமை ஏற்றியதும் காற்றழுத்தத்தைக் கையேட்டில் உள்ளபடி கூட்டி, காலையில் ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ரியூப் இல்லாத ரயரானால், துளையில் செருகும் ரப்பர் திரியும் சிறிய பம்பும் போதும். செயினுக்கு 500 கிலோமீற்றருக்கு ஒருமுறையும், மழையில் ஓடிய ஒவ்வொரு மாலையும், சூடு ஆறுமுன் எண்ணெய் பூசுங்கள். விபத்தென்றால் ஐரோப்பிய ஒன்றியம் எங்கும் அவசர இலக்கம் 112.

நெல்லியடி வாசகர்: வலது பக்கமாக ஓடுவது கடினமா?

நெரிசலில் கடினமில்லை, முன்னால் போகிறவர்களைப் பின்பற்றினால் போதும். ஆபத்து, வீதி வெறுமையாக இருக்கும்போதுதான். அதிகாலையில் விடுதியிலிருந்தோ பெற்றோல் நிலையத்திலிருந்தோ வெளியேறி ஆளில்லாத வீதிக்குத் திரும்பும் கணத்தில், இருபது வருடப் பழக்கம் கையைப் பிடித்து இடது பக்கம் இழுத்துவிடும். ஜேர்மனிக்குப் போன முதல் ஆண்டில், பெற்றோல் அடித்துவிட்டுப் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி வெளியேறி, அரைக் கிலோமீற்றர் இடது பக்கமாகவே போயிருக்கிறேன். எதிரே வந்த பால் வண்டிக்காரர் விளக்கை அடித்துக் காட்டியிராவிட்டால் இந்தப் பகுதியை வேறு யாராவது எழுதிக்கொண்டிருப்பார். சுற்றுவட்டத்தையும் அங்கே வலஞ்சுழியாகச் சுற்றக் கூடாது, இடஞ்சுழியாகச் சுற்ற வேண்டும். பிரான்சின் ஊர்களுக்குள் அறிவிப்புப் பலகை எதுவும் இல்லாத சந்தியில், சிறிய ஒழுங்கையிலிருந்தே வந்தாலும் வலப்பக்கத்திலிருந்து வருபவருக்குத்தான் முன்னுரிமை.

அந்தப் பால் வண்டிக்குப் பிறகு வலது கைப்பிடியில் சிவப்பு நூல் ஒன்று கட்டினேன். ஒவ்வொரு முறை புறப்படும்போதும் நூலைப் பார்த்து, நூல் இருக்கும் பக்கம் வீதியோரம் என்று வாய்விட்டுச் சொல்வேன். இங்கே திரும்பி வந்த முதல் வாரம், கோண்டாவில் சந்தியில் ஒரு முச்சக்கர வண்டிக்காரரிடம் நல்ல வசவு வாங்கிய பிறகு, அந்த நூலை இடது கைப்பிடிக்கு மாற்ற வேண்டியிருந்தது.